எலக்ட்ரானிக் சிட்டி மெடிக்கல் பில்லிங் கம்பெனி வேலை: சேரலாமா?

ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கம் டிகிரி முடித்துவிட்டு பெங்களூரில் முதல் வேலை தேடுகிற நிறைய பேருக்கு வரும் முதல் ஆஃபர் இதுதான். "ஏஆர் காலர், நைட் ஷிப்ட், கேப் உண்டு, இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதும்." நானும் அப்படித்தான் எலக்ட்ரானிக் சிட்டி முதல் பேஸில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சில வருடம் வேலை பார்த்துவிட்டு விலகி, இப்போது இதே துறையில் வேறு இடத்தில் இருக்கிறேன். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை, கூட வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் சேரும்போது இதையெல்லாம் தமிழில் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

முதலில் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் நோயாளி டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனதும் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து நோய்க்கு ஐசிடி-10 கோடு, செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடு போடுவார்கள், இது கோடிங். அதை கிளெய்மாக்கி கிளியரிங்ஹவுஸ் (நடுவில் இருந்து வாங்கிச் சரிபார்த்து அனுப்பும் நிறுவனம்) வழியாக இன்சூரன்ஸுக்கு அனுப்புவது பில்லிங். பணம் வந்தால் கணக்கில் ஏற்றுவது பேமென்ட் போஸ்டிங். பணம் வரவில்லை, அல்லது முடியாது என்று இன்சூரன்ஸ் திருப்பி அனுப்பிவிட்டது என்றால் போன் போட்டு ஏன் என்று கேட்டு, சரிசெய்து, தேவைப்பட்டால் அப்பீல் போட்டு பணத்தை வரவைப்பது ஏஆர் (அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள், அதாவது வரவேண்டிய பாக்கி) காலர் வேலை. கால் சென்டர் வேலைதானே என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை. பணம் தர மறுக்கும் காரணத்தைச் சொல்லும் டினையல் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சிஓ-197 என்றால் முன் அனுமதி வாங்கவில்லை, சிஓ-50 என்றால் மருத்துவரீதியாகத் தேவையில்லை என்கிறார்கள், சிஓ-29 என்றால் கிளெய்ம் அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. சிஓ என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அந்தப் பணத்தை நோயாளியிடம் கேட்க முடியாது, டாக்டர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். பிஆர் என்று ஆரம்பித்தால் பில் நேராக நோயாளி வீட்டுக்குப் போகும். இந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவே மாறிவிடும், அதைப் பார்ப்பது நாம்தான்.

பயிற்சிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக இருந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா பல வருடம் டினையல் டீமில் இருந்துவிட்டு ட்ரெயினராக வந்தவர். சிஎம்எஸ்-1500 கிளெய்ம் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் "இது காலியாக இருந்தால் இன்சூரன்ஸ் என்ன சொல்லும்?" என்று கேட்டுக் கேட்டு மண்டையில் ஏற்றினார். மருத்துவமனைக்கு யூபி-04, டாக்டருக்கு சிஎம்எஸ்-1500 என்ற வித்தியாசமே தெரியாமல் வந்த பி.காம் பிள்ளைகள் பயிற்சி முடியும்போது இஓபி (இன்சூரன்ஸ் அனுப்பும் கணக்கு விவரச் சீட்டு) ஒன்றைக் கையில் வாங்கினால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அவர் அடிக்கடி சொன்னது: "ஒரு கிளெய்மைத் தொட்டால் முடிவு தெரியாமல் விடாதே தம்பி. அடுத்தவன் திறக்கும்போது உன் நோட்ஸைப் படித்தாலே போதும் என்று இருக்கணும்." இன்றைக்கும் என் சம்பளம் அந்தப் பயிற்சியில்தான் ஓடுகிறது.

அப்புறம் ஃப்ளோருக்குப் போனோம். அங்கேதான் சிக்கல்.

பயிற்சியில் கிளெய்மை முடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், ஃப்ளோரில் எண்ணியது தொட்ட கிளெய்ம்களை. ஒரு ஷிப்டுக்கு இத்தனை கணக்கு என்று டார்கெட். போர்ட்டலைத் திறந்து "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, 15 நாள் கழித்துப் பார்க்கவும்" என்று எழுதினால் இரண்டு நிமிடம், அது ஒரு கணக்கு. சிஓ-197 டினையல் ஒன்றை எடுத்து, மருத்துவமனை சாஃப்ட்வேரில் பழைய குறிப்பைத் தேடி, அனுமதி எண் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்கள், கிளெய்மில் போட மறந்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்து, இன்சூரன்ஸுக்குப் போன் போட்டு, ஐவிஆரில் (போனில் பதிவுக் குரல் கேள்வி கேட்கும் சிஸ்டம்) டாக்டரின் என்பிஐ அடையாள எண், டாக்ஸ் ஐடி, நோயாளியின் மெம்பர் ஐடி எல்லாம் கொடுத்து, முக்கால் மணி நேரம் ஹோல்டில் அந்த இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து, ரெப் வந்ததும் பேசி, மறுபரிசீலனைக்கு அனுப்ப வைத்து, ரெஃபரன்ஸ் எண் வாங்கினால் அதுவும் ஒரு கணக்குதான். முதலாவதால் யாருக்கும் ஒரு பைசா வராது, இரண்டாவதால் பல ஆயிரம் டாலர் வரும். ஷீட்டில் இரண்டும் 1.

என்ன ஆகும்? எல்லாரும் சுலபமானதைப் பொறுக்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இன்சென்டிவ் அதில் இருக்கிறது, அந்தப் பணம் வீட்டு வாடகைக்குப் போகிறது. கஷ்டமான கிளெய்ம்கள் 60 நாள், 90 நாள், 120 நாள் என்று அடுத்தடுத்த பக்கெட்டுக்கு நகர்ந்துகொண்டே போகும். மெடிகேருக்கு (அமெரிக்க அரசு முக்கியமாக முதியோருக்குத் தரும் இன்சூரன்ஸ்) சிகிச்சை நாளில் இருந்து ஒரு வருடம் வரை கெடு உண்டு, தனியார் இன்சூரன்ஸ்களில் 90 நாள், 180 நாள் என்றெல்லாம் இருக்கிறது. அது தாண்டினால் சிஓ-29, அவ்வளவுதான், அதன் பிறகு பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. ஆறு பேர் தொட்டு ஆறு பேரும் "ஃபாலோ அப்" என்று எழுதிவைத்து செத்துப்போன கிளெய்ம்களை நான் பார்த்திருக்கிறேன். க்ளையன்ட் கத்துவார், மேனேஜர் டீம் லீடரைக் கத்துவார், டீம் லீடர் நம் சீட்டுக்கு வந்து "நம்பர் எங்கே குரு?" என்பார். பழைய கிளெய்ம் ஏன் செத்தது என்று கேட்பவரும் இவரே, அதைத் தோண்டுபவனுக்கு நம்பர் குறைவு என்று சிவப்பு நிறம் போடுபவரும் இவரே.

டீம் லீடர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்குக் கொஞ்ச காலம் மண்டியாக்காரர் ஒருவர் லீடராக இருந்தார். ஹோல்டு நேரத்தைத் தனியாக எழுதி வைக்கச் சொல்லி, மாதக் கடைசியில் அதை மேலே காட்டி, எங்கள் டார்கெட்டைக் குறைக்கச் சண்டை போட்டார். அவருடைய டீமில் யாருமே வேலையை விடவில்லை. அவரை வேறு ப்ராசஸுக்கு மாற்றியதும் ஒரே காலாண்டில் பாதிப் பேர் பேப்பர் போட்டார்கள். கம்பெனி நல்லதா கெட்டதா என்று கேட்டால் யார் டீமில் போடுகிறார்கள் என்று பதிலுக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ஒரு நல்ல மனுஷன் இருந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அது கம்பெனியின் குறைதான், அதை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

இந்த எண்ணிக்கைப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்று 2024-ல் தெரிந்தது. பிப்ரவரி 21-ம் தேதி அமெரிக்காவின் பெரிய கிளியரிங்ஹவுஸான சேஞ்ச் ஹெல்த்கேர் மீது சைபர் தாக்குதல். அது யுனைடெட்ஹெல்த் குழுமத்தைச் சேர்ந்தது, சுமார் 19 கோடி பேரின் தகவல் பாதிக்கப்பட்டதாக அவர்களே பின்னால் சொன்னார்கள். அவர்கள் சிஸ்டம் வழியாகப் போகும் கிளெய்ம் எதுவும் வாரக்கணக்கில் போகவில்லை. எங்கள் க்ளையன்ட்களில் சிலருடைய வேலை அப்படியே நின்றுவிட்டது, தொடுவதற்கே கிளெய்ம் இல்லை. அந்த மாதம் எங்களில் பலருக்கு டார்கெட் எட்டவில்லை என்று இன்சென்டிவ் பூஜ்யம். சிஸ்டம் திரும்பி வந்ததும் தேங்கிய மொத்தமும் மூட்டை அவிழ்த்த மாதிரி கொட்டியது. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து முடித்தோம், அதற்கு ஓவர்டைம் கிடையாது, காம்ப் ஆஃப் (பதிலுக்கு ஒரு நாள் லீவு) எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுக்கப் போனால் "இப்போது வால்யூம் அதிகம்." எங்கள் கையில் இல்லாத ஒரு விஷயத்துக்காக எங்கள் பணத்தை வெட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சம்பளம் பற்றி. ஆஃபர் லெட்டரில் வருடத் தொகையைப் பார்த்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கம்பெனி கட்டும் 12 சதவீத பிஎஃப் அதற்குள்ளேயே இருக்கும், கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம் இருக்கும் (5 வருடம் முடிக்காமல் விலகினால் என்னைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு அது கைக்கு வராது), அதிகபட்ச இன்சென்டிவும் வரும் என்று வைத்துக் கூட்டியிருப்பார்கள். இதையெல்லாம் கழித்து, நம் பங்கு பிஎஃப், புரொஃபஷனல் டாக்ஸ் போனால் எனக்கு ஆரம்பத்தில் கைக்கு வந்தது இருபதாயிரத்துக்கும் கீழே. நைட் ஷிப்ட் அலவன்ஸ் வேலைக்கு வந்த நாளுக்கு மட்டும். காய்ச்சலில் படுத்தால் அதுவும் போச்சு. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு, அதைத் தாண்டினால் கம்பெனியின் குரூப் மெடிக்ளெய்ம். அதில் அம்மா அப்பாவைச் சேர்க்க நாமே பிரீமியம் கட்ட வேண்டும், அது கொஞ்சநஞ்சம் இல்லை. நாள் முழுக்க இன்சூரன்ஸ் பற்றியே பேசும் இடம், ஊழியரின் பெற்றோருக்கும் ஒரு கவர் கொடுத்திருக்கலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம். பதிலே வரவில்லை. சம்பளம் மட்டும் ஒரு மாதம்கூடத் தாமதமானதில்லை, பிஎஃப் ஒழுங்காக யுஏஎன் என்ற நம் பிஎஃப் கணக்கு எண்ணில் ஏறியது, இதைப் பாராட்டத்தான் வேண்டும், ஏனென்றால் அதுகூடச் செய்யாத சின்னக் கம்பெனிகள் பொம்மனஹள்ளி, பிடிஎம் சந்துகளில் இருக்கின்றன.

கேப் விஷயத்தில் பெண்களுக்குக் கம்பெனி சரியாக நடந்துகொண்டது. 2005 டிசம்பரில் பெங்களூரில் பிபிஓ ஒன்றில் வேலை பார்த்த பெண்ணை கேப் ஓட்டியவரே கொன்ற சம்பவத்துக்குப் பிறகு இந்த ஊரில் இதற்கான கட்டுப்பாடுகள் இறுகின. ராத்திரி ஷிப்டில் பெண் தனியாக முதலில் ஏறக்கூடாது, கடைசியாக இறங்கக்கூடாது, இல்லையென்றால் செக்யூரிட்டி கூட வரவேண்டும். எங்கள் இடத்தில் இதை ஒரு நாளும் மீறிப் பார்த்ததில்லை. ஆனால் ஓசூர்க்காரர்களுக்குக் கேப் அத்திப்பள்ளியோடு சரி, எல்லை தாண்டாது. விடியற்காலை நாலு மணிக்கு அங்கே இறங்கி, நிறுத்தி வைத்த பைக்கை எடுத்துக்கொண்டு ஜூஜூவாடி வழியாக லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். டிசம்பர் பனியில் கண் தெரியாது. இதனாலேயே ஓசூர் பெண்கள் பலர் நீலாத்ரி நகர், தொட்டதோகூர் பிஜிக்களில் தங்கிவிடுகிறார்கள், வாடகை மிச்சம் என்று ஊரில் இருந்து வரப் போட்ட கணக்கு அதோடு போய்விடும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் பாதை வந்தது பெரிய விடுதலை, சாயங்காலம் சில்க் போர்டு சிக்னலில் நிற்காமல் வந்துவிடலாம். ஆனால் திரும்பிப் போகும் நேரத்தில் மெட்ரோ தூங்கிக்கொண்டிருக்கும், அதனால் கேப்பைக் கழற்றிவிடலாம் என்று யாராவது பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஷிப்ட் நேரம் அமெரிக்கக் கடிகாரப்படி மாறும். கோடையில் மாலை 6.30 முதல் விடியற்காலை 3.30 என்றால், நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அங்கே கடிகாரத்தை மாற்றியதும் நமக்கு 7.30 முதல் 4.30. அவர்களுடைய வெள்ளிக்கிழமை நமக்குச் சனிக்கிழமை விடியலில்தான் முடியும். வெள்ளி ராத்திரி எலக்ட்ரானிக் சிட்டியில் சேலம், திருச்சி, மதுரை பஸ்ஸுக்கு ஊரே நிற்கும், நாம் உள்ளே ஹோல்டில் இருப்போம். விடுமுறைகளும் அவர்களுடையதுதான், நன்றி அறிவித்தல் நாளுக்கு லீவு உண்டு, பொங்கலுக்குக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டாலும் ஜனவரியில் கொடுப்பது கஷ்டம். அதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான இன்சூரன்ஸ் திட்டங்களில் ஜனவரி 1-ம் தேதி டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நோயாளியே கட்ட வேண்டிய தொகை) மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும், நிறைய பேர் இன்சூரன்ஸையே மாற்றியிருப்பார்கள், டாக்டர் ஆபீஸ் பழைய கார்டில் பில் போட்டுவிடும், சிஓ-27 (அந்த இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது) என்று டினையல் குவியும். வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் டீமில் முக்கால்வாசிப் பேர் தமிழர்களும் தெலுங்கர்களும் கன்னடர்களும், எல்லாருக்கும் சங்கராந்தி ஒரே நேரத்தில் வரும் என்று தெரிந்தே ஒவ்வொரு வருடமும் திட்டமிடாமல் விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் சீட்டுக் குலுக்கி யாருக்கு லீவு என்று முடிவு செய்வது சரியில்லை.

போன் லாக்கரில். நோயாளி தகவல் என்பதால் பேனா பேப்பர்கூட ஃப்ளோருக்குள் போகாது. 1996-ல் அமெரிக்காவில் வந்த ஹிப்பா சட்டத்தின் பாதுகாப்பு விதிகளால் க்ளையன்ட்கள் இதில் கறாராக இருப்பார்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூட வேலை பார்த்த தர்மபுரித் தம்பி ஒருவனின் அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்து, வீட்டில் இருந்து போன் போட்டுப் போட்டு, இவன் பிரேக்கில் லாக்கரைத் திறந்து பார்த்தபோது அவரை மருத்துவமனையில் சேர்த்தே சில மணி நேரம் ஆகியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஹெச்ஆரிடம் போனோம், ராத்திரியில் எப்போதும் ஆள் எடுக்கும் அவசர எண் ஒன்றை வைத்தார்கள், அது இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது. எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் முதல் நாளே அந்த எண்ணை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

பயோகெமிஸ்ட்ரி, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்கள் காலிங்கில் சேராமல் நேராகக் கோடிங் கேளுங்கள். பகல் ஷிப்ட் கிடைக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். சிபிசி என்ற கோடிங் சான்றிதழ் பரீட்சை 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் அப்ரென்டிஸ் என்பதற்கு ஒரு ஏ ஒட்டிக்கொண்டு வரும், வேலை பார்த்து அனுபவம் காட்டினால் எடுத்துவிடுவார்கள். எங்கள் கம்பெனி பாஸ் செய்தவர்களுக்குப் பரீட்சைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஒரு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, அது நியாயமான ஏற்பாடு. அக்டோபர் 1-ல் ஐசிடி, ஜனவரி 1-ல் சிபிடி என்று வருடா வருடம் கோடுகள் மாறும், அதற்கு வேலை நேரத்திலேயே வகுப்பும் எடுத்தார்கள். காலிங்கில் சேர்ந்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் ஸ்டேட்டஸ் பார்ப்பதிலேயே தேங்கிவிடாதீர்கள். கிளெய்ம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பதில் வாங்க 276, 277 என்று கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போகும் மெசேஜ் ஏற்கெனவே இருக்கிறது, அந்த வேலை நம் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. டினையலை உடைக்கத் தெரிந்தவனுக்கு இன்னும் வேலை இருக்கிறது. எங்கள் டார்கெட் முறை எங்களை அழிந்துபோகும் வேலையில் வேகமாக்கி, நிலைக்கும் வேலையில் மந்தமாக்கியது என்பதுதான் அந்தக் கம்பெனி மேல் என்னுடைய பெரிய கோபம்.

விலகும்போது 60 நாள் நோட்டீஸ். முழுக்க இருந்தேன், ரிலீவிங் லெட்டர் வந்தது, செட்டில்மென்ட் மட்டும் மூன்று தடவை மெயில் போட்ட பிறகு வந்தது. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கவில்லை, பாண்ட் இல்லை. வேறு இடங்களில் கேட்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், கொடுக்காதீர்கள். வேலை வாங்கித்தர கன்சல்டன்சி பணம் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள், இந்த வேலைக்கு வாக்-இன் நடக்காத வாரமே எலக்ட்ரானிக் சிட்டியில் இல்லை.

ஐந்துக்கு மூன்று தருவேன், அந்த மூன்றில் இரண்டு ட்ரெயினிங் அக்காவுக்கு. முதல் வேலையாகச் சேருங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இன்டர்வியூவில் கடைசியாக "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள் இல்லையா, அப்போது சும்மா இருக்காதீர்கள். ஹோல்டு நேரத்தை டார்கெட்டில் கழிப்பீர்களா, ஒரு அப்பீலும் ஒரு போர்ட்டல் ஸ்டேட்டஸும் ஒரே கணக்கா, க்ளையன்ட் பக்கம் சிஸ்டம் படுத்தால் அந்த மாத இன்சென்டிவ் என்ன ஆகும், கேப் எந்த ஊர் வரை வரும் என்று கேளுங்கள். ஹெச்ஆருக்குத் தெரியாது, ஆபரேஷன்ஸ் மேனேஜரைக் கேட்கச் சொல்லுங்கள். இப்போது நான் இருக்கும் இடத்தில் மேனேஜர் இதற்கெல்லாம் அங்கேயே ஷீட்டைத் திறந்து காட்டிப் பதில் சொன்னார், அப்பீலுக்குத் தனி வெயிட்டேஜ், ஹோல்டு கழிவு இரண்டும் அதில் இருந்தது. சம்பளம் பழைய இடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், இருந்தும் அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.